ஏற்றத்தில் மட்டும் ஓட்டிக் காட்டிய வண்டி

டீச்சர்,

போன மாதம் குன்னூரில், விலைக்கு வந்த ஒரு பெரிய வண்டியின் கதவைத் திறந்தேன். எலுமிச்சை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மஞ்சள் குப்பி ஒன்று ஒட்டியிருந்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். வண்டிக்காரர், "ஏறி உக்காருங்க மேடம்" என்று இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் ஏறினேன். 

வண்டி விற்கிறவர்கள் வாசனைக் குப்பியை எதற்காக ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. பழைய வண்டி பார்க்க நான் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை.

மகளுக்கு ஊட்டிக்கு மாற்றலாகி, குழந்தைகளோடு என்னிடமே வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவும் சக்கர நாற்காலியோடு வந்திருக்கிறார். என் சின்னக் காரில் நாற்காலியை ஏற்றினால் ஆளுக்கு இடமில்லை, ஆளை ஏற்றினால் நாற்காலிக்கு இடமில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனில் தேடித் தேடி இந்த வண்டியைக் கண்டுபிடித்தார். தான் காரா ஜீப்பா என்று அதற்கே தெரியாது போல. நீளமான முதுகு, மூன்று வரிசை சீட்டு, எல்லாம் தோல், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. புதிதாக என்றால் நாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. "பழசுன்னாலும் பெரிய கம்பெனிங்க அத்தை, சுத்தியும் ஏர்பேக்" என்றார் மாப்பிள்ளை. அவர் வாரக் கடைசியில்தான் மலையேறுவார். மகள் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள். தினமும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் பின்னால் உட்காரவைத்து, குன்னூர் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி ஏறப் போவது நான்தான்.

"என்னம்மா, இத்தன வருசம் ஓட்டிட்டு இப்பப் போயி பயப்படறே" என்றாள் மகள். வயதாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். என்ன பயம் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்; நீங்களும் இல்லை.

நமக்குத் தெரிந்த கதையை நமக்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதினால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய சாம்பல் நிற வேனில் ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் போய்வந்தோம். ஒரு வாரம் நீங்கள் ஓட்டினால் மறு வாரம் நான். நான் ஓட்டும் வாரத்தில் நீங்கள் கணக்கு நோட்டுகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வருவீர்கள். கேத்தி வளைவில் சிவப்புப் பேனா இழுத்துக்கொண்டு போய், ஏதோ ஒரு பிள்ளையின் சரியான விடை மேல் கோடு விழும். "இது உங்களால வந்த தப்பு டீச்சர், பாவம், இவளுக்கு ஒரு மார்க் சேத்துப் போடறேன்" என்பீர்கள். அவ்வளவு நேர்மையானவர் நீங்கள். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மாற்றல் வந்தபோது வேனை விற்றுவிட முடிவு செய்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பிரேக் சரியில்லை. நீண்ட இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போய்விடும். காலை எடுத்து உடனே மறுபடி மிதித்தால் பிடிக்கும். சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றார் மெக்கானிக். பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம். இரண்டு மிதி மிதிப்பது நமக்குப் பழகிப் போயிற்று.

அப்போதுதான் மார்க்கெட்டில் உங்கள் வீட்டுக்காரரின் குடைக்கடைக்கு வந்த ஒருவர் வேனைப் பற்றி விசாரித்தார். நடுவட்டத்தில் டீக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். "இன்னிக்கே எடுத்துட்டுப் போறனுங்க, புள்ளைங்க விடிஞ்சதுலருந்து கெளம்பி நிக்குதுங்க" என்றார்.

சூடான பிரேக்கின் வாடை தெரியாமலிருக்க எலுமிச்சைக் குப்பி வாங்கி ஒட்டியது உங்கள் யோசனை. அவரைத் தொட்டபெட்டா ரோட்டுக்குக் கூட்டிப்போனது என் யோசனை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? ஏறும்போது அவரை ஓட்டச் சொன்னோம். எஞ்சின் நன்றாக இழுக்கிறது என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேலே வண்டியைத் திருப்பியதும், "கடைசியா ஒருவாட்டி நான் ஓட்டிக்கறேனுங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். இறக்கம் முழுக்க, அவர் பார்க்காதபடி, இரண்டிரண்டு முறை மிதித்துக்கொண்டே வந்தேன். குழந்தைகள் பின்னால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தன. நீங்கள் திரும்பி அவர்களுக்கு மிட்டாய் கொடுத்தீர்கள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு நாம் இருவரும் ரோட்டிலேயே நின்றோம். "அவரு கேக்கல" என்றீர்கள். "நாமளும் சொல்லல" என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நேராக ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் போன் செய்தீர்கள். உங்கள் தம்பி கிரேன் வைத்திருந்தார். மலைப்பாதையில் எங்கே வண்டி கவிழ்ந்தாலும் தூக்கப் போகிறவர் அவர். விபத்துச் செய்தி வந்த அன்றெல்லாம் காலையில் என் போன் அடிக்கும். நலமா என்றுகூடக் கேட்க மாட்டீர்கள். "நம்ம வேன் இல்ல டீச்சர்" என்பீர்கள். "சரிங்க டீச்சர்" என்பேன். வைத்துவிடுவோம். மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று தடவைகூட அடித்திருக்கிறது. உங்களுக்கு நோய் முற்றி, குரல் பாதியாகிப் போன பிறகும் ஒருமுறை அடித்தது.

இப்போது யாரும் அடிப்பதில்லை. செய்தி வந்தால் நானே படத்தைப் பெரிதாக்கி, நசுங்கிய தகரத்தின் நிறத்தைப் பார்க்கிறேன். சாம்பல் நிறம் மாதிரி தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

குன்னூருக்கு வருகிறேன். விற்பவர் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பெங்களூரில் மகனிடம் போகப் போகிறார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "அருவங்காடு வரைக்கும் நீங்க ஓட்டிப் பாருங்க மேடம். திரும்பறப்ப நான் எடுத்துக்கறேன்" என்றார்.

 குன்னூரிலிருந்து அருவங்காடு ஏற்றம். திரும்புவது இறக்கம். நான் செய்ததை அப்படியே எனக்குச் செய்கிறார் இந்த மனிதர் என்று நினைத்தேன். அருவங்காடு போய்ச் சேரும்வரை வண்டி எப்படி ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பின் வரிசையில் என் பேரப்பிள்ளைகள் இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தேன்.

திருப்பும் இடம் வந்ததும் அவர் கதவைத் திறக்கப் போனார். "இல்லீங்க சார், இறக்கத்துலயும் நானே ஓட்டறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "சரிங்க மேடம், உங்க இஷ்டம்" என்று சீட்டு பெல்ட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பேசாத ஒரு நிமிடம்தான் என்னைக் கொன்றது. ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் யோசிக்கிறார்? முதல் வளைவில் மிதித்தேன், நின்றது. இரண்டாவதில் மிதித்தேன், நின்றது. எதிரே பஸ் வந்தபோது மிதித்தேன், அப்போதும் நின்றது. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏன் மேடம் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மிதி மிதிக்கறீங்க?" என்று கேட்டார். "இது தொட்டாலே நிக்குமே."

என் காலைக் குனிந்து பார்த்தேன். பதிமூன்று வருடமாயிற்று டீச்சர், இந்தக் கால் மறக்கவில்லை. 

அவர் வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரு தாளைக் கொடுத்தார். வண்டியில் உள்ள குறைகளையெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தார். பட்டனை அழுத்தினால் தானாகத் திறக்கும் பின்கதவு, மழையில் சில சமயம் திறக்காது. இடது பக்கக் கண்ணாடி மாற்றியது. நாய் படுத்து வந்ததால் கடைசி வரிசையில் வாடை போகவில்லை, அதற்குத்தான் எலுமிச்சை. பிரேக் இந்த வருடம் புதிதாகப் போட்டது, ரசீது உள்ளே. "எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிரணும் மேடம். குழந்தைங்க வர்ற வண்டிங்கறீங்க" என்றார்.

"அப்ப எறக்கத்துல நீங்க ஓட்டறேன்னு ஏன் சார் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு, "ஒய்ஃபோட ஊட்டி போய்ட்டு சாயங்காலம் இந்த எறக்கத்துல வருவோம். கடைசியா ஒரு தடவ ஓட்டிக்கலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நான் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தை. அவர் வாயில் அது உண்மையாக இருந்தது. போய்விட்டு வாருங்கள் என்று அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் தனியாகப் போய் வரும்வரை அழுதுகொண்டிருந்தேன். அன்றே வண்டியைப் பேசி முடித்தேன். குழந்தைகளை ஏற்றுவதற்கு முன்னால் நடுவட்டம் போக வேண்டும் என்பதையும் அங்கேதான் முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினேன். பைக்காரா தாண்டினேன். அந்த டீக்கடை இருக்குமா, அந்த ஆள் இருப்பாரா, இருந்தால் எத்தனை பேராக இருப்பார்கள்? இரண்டு தடவை ஓரங்கட்டினேன். திரும்பிப் போய்விடு என்று சொல்ல நீங்களும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

கடை இருந்தது. அவரும் இருந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "அட, வேன் டீச்சருங்களா! வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். மூத்தவள் கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாளாம், இளையவள் உள்ளே டீ போடுகிறாளாம். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களைக் கேட்டார். சொன்னேன். "மிட்டாய் குடுத்தாங்களே, அவங்களா?" என்று வருத்தப்பட்டார்.

டீ கொண்டுவந்தது இளையவள். இருபது வயது இருக்கும். டம்ளரை வலது கையால் நீட்டினாள். இடது கை முழங்கையில் மடங்கியபடியே இருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சாதாரணமாகத்தான் சொன்னார். "நம்ம வேனுதானுங்க. வாங்குன அன்னிக்கே, சாயங்காலம், அந்தா அந்த வளைவுல பெடலு கீழ போயிருச்சு. கீழ பள்ளத்துல விடறதுக்குப் பதிலா மண்ணுல ஏத்திரலாம்னு மலைப்பக்கம் ஒடிச்சுட்டேன். இவ கைதான் சீட்டுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு."

"இந்தக் கையோடயே ஸ்கூட்டி ஓட்டறேனுங்க டீச்சர்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டு.

அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. கிரேனும் போகவில்லை, கடைக்கு டீ குடிக்க வந்தவர்கள் தள்ளி எடுத்திருக்கிறார்கள். நாம் வருடக்கணக்கில் பயந்து பயந்து தேடிக்கொண்டிருந்தது, விற்ற அன்றைக்கே, நாம் வீடு போய்ச் சேர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது.

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க" என்றார் அவர். "டீச்சருங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா சொல்லாமயா விட்டிருப்பீங்க?"

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். தப்பித்துப் போக அவரே கதவைத் திறந்துவிட்டார். ஆனால் நாளைக் காலையில் யாரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டப் போகிறேன் என்ற நினைப்பு விடவில்லை. "எனக்குத் தெரியுமுங்க" என்றேன். "பிரேக்கு சரியில்லைன்னு தெரியும். தெரிஞ்சுதான் உங்கள ஏத்தத்துல கூட்டிட்டுப் போனேன்."

எனக்கு என்றுதான் சொன்னேன் டீச்சர், நமக்கு என்று சொல்லவில்லை. மிட்டாய் கொடுத்தவராகவே அங்கே நீங்கள் இருந்துவிட்டுப் போங்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்த துணியை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "பின்னால புள்ளைங்க உக்காந்திருந்துச்சே, பாத்தீங்கல்லங்க?" என்று கேட்டார்.

"பாத்தேனுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. மனைவியும் வரவில்லை. அந்தப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நான் குடிக்காத டீயை எடுத்துக்கொண்டாள். "அப்பா இனி வரமாட்டாருங்க, நீங்க கெளம்புங்க" என்றாள். கார் வரைக்கும் கூடவே வந்தாள். பின்னால் லாரி வருகிறதா என்று ரோட்டில் இறங்கிப் பார்த்து, வலது கையை ஆட்டி எனக்கு வழி விட்டாள்.

"பாத்துப் போங்க டீச்சர்" என்றாள்.

எல்லாம் கேட்ட பிறகும் அவளுக்கு நான் டீச்சர்தான். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.