உதுமாலெப்பை கட்டிய சந்தா

13.11.2009 வெள்ளி

கொப்பியே, பொறுத்துக்கொள். என் எழுத்துகள் கோட்டில் நிற்காமல் நண்டுபோல் பக்கவாட்டில் ஓடுகின்றன. ‘ழ’ போட்டால் பென்சில் முறிகிறது. இந்த வயதுவரை பெருவிரல்தான் என் கையெழுத்து. மே மாதம் கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுத்தார்கள். பிறகு முதியோர் வகுப்புக்குப் போனேன். இப்போது எழுதுகிறேன். அல்ஹம்துலில்லாஹ்!

பள்ளிவாசலில் எனக்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டார் கணினியும் கணக்கு மென்பொருளும் தந்தார்கள். சண்டை முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்கள் வருடா வருடம் கட்டிய டொலரை நாங்கள் கட்டாததால் மென்பொருள் பூட்டிக்கொண்டது. பழைய கணக்கைப் பார்க்கலாம், புதிதாக எழுத முடியாது. கணக்குப் பார்க்கும் மசூர் வேறொன்று கொண்டுவந்திருக்கிறான். இலவசம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று யாரும் திறந்து பார்க்கலாமாம். பழையதை நான் வாசிக்க, அவன் புதியதில் தட்டுகிறான்.

“மாமா, நீங்க ஒரு பேர வாசிச்சு முடியிறதுக்குள்ள அந்தாள் மௌத்தாகி அடக்கமும் ஆகிருவார்” என்றான். சிரித்தோம்.

17.11.2009

இன்று என் பெயர் வந்தது. ஐ.எல். உதுமாலெப்பை. மூன்று தரம் வாசித்தேன்.

பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. ஐந்து வருடமாக நான் பள்ளிச் சந்தாவே கட்டவில்லையாம்.

“மாசாமாசம் கட்டுறன்டா!”

மசூர் தேடினான். வேறொரு இலக்கத்தில் இன்னொரு ஐ.எல். உதுமாலெப்பை. அவர் பெயரில் எல்லாமே கட்டியாயிருந்தது. யார் என்று எனக்குத் தெரியும். என் வாப்பாவைப் போலவே அவருடைய வாப்பா பெயரும் இஸ்மாலெப்பைதான். கரைவலை இழுக்கப் போனவரைச் சுனாமி கொண்டுபோனது. மையித்துக்கூடக் கரை ஒதுங்கவில்லை. என் காசை அவருடைய இலக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஐந்து வருடமாகக் கட்டியவர் அவர். இல்லாமல் போனவன் நான்.

20.11.2009

பாங்கு சொல்லும் மோதினார் ஸைனுலாப்தீன்தான் சந்தாவும் வாங்குவார்; மாதாமாதம் பற்றுச்சீட்டை அந்த இலக்கத்து வீட்டுக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்ததில்லை. எழுத்துத் தெரியாதவனுக்குச் சீட்டு எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அவருடைய மனைவி ஆசியத்தும்மா. மகளின் நிக்காஹ்வைத் தள்ளித் தள்ளிப் போடுகிறாள். “வாப்பா வந்து வலிகாரரா நிண்டு மகளப் பொறுப்புக் குடுக்கட்டும்” என்பாளாம். பிடிவாதம் என்று ஊர் கதைத்தது. அவர் பெயரில் சீட்டு வந்துகொண்டிருந்ததை ஊர் அறியவில்லை.

22.11.2009

போனேன். சொன்னேன். அவள் அழவில்லை. சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

“வாசிங்க காக்கா” என்றாள், கூடப் பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

ஒவ்வொன்றாக வாசித்து, “இது நான் கட்டின புள்ள” என்றேன். ஒவ்வொரு தரமும் அந்த மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் தள்ளுவதுபோல இருந்தது.

மே 2009 வந்தது. திகதியைத் திரும்ப வாசித்தேன்.

மே மாதம் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சண்டை முடிந்ததென்று வார்ட்டில் றேடியோ சொன்னது. அந்த மாதம் நான் யாரிடமும் ஒரு சதம் கொடுக்கவில்லை.

“இதுவும் நான்தான்” என்றேன்.

24.11.2009

மே மாதச் சந்தாவைத் தந்தது யார் என்று மோதினாரிடம் கேட்டேன்.

“உதுமாலெப்பை எண்டு சொல்லித்தானே தந்தீங்க காக்கா? சலாமும் சொன்னீங்க.”

“என்னக் கண்டயா?”

“ஜும்ஆச் சனத்துக்குள்ள கையத்தான் கண்டன். நனைஞ்சிரிந்திச்சி. தொழுகைக்கு ஒளுச் செஞ்சு கழுவின கையெண்டு நினைச்சன்.”

25.11.2009

புதிய மென்பொருள் ஒவ்வொரு காசுக்கும் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. சொல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ளாது. பழையது கேட்டதே இல்லை. மே மாதப் பெட்டிக் காசு சரியாக இருக்கிறது. தந்த ஆள்தான் இல்லை.

“உங்கட பேருல போடட்டா மாமா?”

போடு என்றேன். அவள் இனியும் காத்திருக்கக் கூடாதே.

எழுதப் படித்து இதையா எழுதுவித்தேன்?

18.12.2009 வெள்ளி

ஜும்ஆ கலைந்தபின் ஆசியத்தும்மா பள்ளிக் கேற்றில் நின்றாள். கையில் ஒரே ஒரு சீட்டு.

“மே மாசம் கண்ணக் கட்டிக்கிட்டுக் கிடந்தீங்களே காக்கா. பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல உங்களுக்கு.”

சீட்டை என் கையில் வைத்தாள்.

“மத்ததெல்லாம் உங்கட. இது அவர்ட. அவர்ட பேருல திருப்பிப் போடச் சொல்லுங்க.”

“போட்டா இன்னும் காத்திரிப்பியே புள்ள?”

“இல்ல காக்கா. மோதினார் எல்லாம் சொன்னார். வந்து சலாம் சொல்லிட்டுப் போயிட்டார். இனி வரமாட்டார்.” முக்காட்டை இழுத்துவிட்டாள். “மகள்ர நிக்காஹ்வுக்கு நாளப் பாருங்க. அவர்ட தம்பி வலிகாரரா நிக்கட்டும்.”

26.12.2009 சனி

“எங்கிருந்து எண்டு என்ன போட? கடலெண்டு போடவா?” என்று மசூர் எரிந்து விழுந்தான். விலகு என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி நானே தட்டினேன்: அவரே தந்தது. மென்பொருள் ஏற்றுக்கொண்டது. அந்த உதுமாலெப்பையின் கணக்கில் இப்போது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் என் பெயருக்குக் கீழே வந்துவிட்டது.

இன்று சுனாமி வந்த நாள்; அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டில் அவருக்குப் பாத்திஹா ஓதினார்கள். ஐந்து வருடத்தில் முதல் தரம். கடல் சத்தமில்லாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். இரண்டு சாட்சிகளில் ஒருவன் நான்! பெருவிரல் இல்லை, கையெழுத்து. பார், இந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் போட்டுப் பழகியிருக்கிறேன். ஒளுச் செய்தபின் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். அங்கே என் பெயர் எப்படி விழுந்தது என்று, கொப்பியே, வருகிற கிழமை உனக்குத்தான் முதலில் எழுதுவேன்.