காதரை என் தம்பியாக்கிய தாள்

1955, சித்திரை, வெள்ளிக்கிழமை

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பேத்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். இன்று ஒரு தாளை நானே முழுதாகப் படித்தேன். அறுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்ட வந்துவிட்டதே என்ற சந்தோஷம் நாலு வரிகூட நிற்கவில்லை.

போன வாரம் குருபரப்பள்ளியில் என் நெல் மில்லில் பெல்ட்டு இழுத்துக் காதருக்கு இரண்டு விரல்கள் போயின. நாளை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார். அவரிடம் காட்ட குமாஸ்தா எடுத்து வைத்த பழைய தாள் அது. 'காதர் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூலி ஆள் அல்ல. உதவிக்கு வந்து போகிறவர்.' கீழே காதரின் கைநாட்டு, பக்கத்தில் என்னுடையது.

"என்னய்யா இது?" என்றேன்.

"எல்லா மில்லுலயும் இப்படித்தானுங்க. கூலி ஆளுன்னு எழுதுனா நஷ்டஈடு நம்ம தலையில விழும்."

காதர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பதினோரு வருஷமா மூட்டை தூக்கறேன், தம்பின்னு தெரியாமப் போச்சே. மில்லுல எனக்குப் பாதி பாகம் உண்டாண்ணா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கட்டைவிரலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அப்போது படிக்கத் தெரியாதவன்தான். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

மில்லை மூடச் சொல்வார்களோ என்னவோ. 'காதர் என் மில்லில் பதினோரு வருஷமாகக் கூலி ஆள்' என்று புதுத் தாளில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கீழே கைநாட்டு வைக்காமல் பெயர் எழுதினேன். எழுத்துக் கோணல்தான், ஆனாலும் இன்ஸ்பெக்டரால் படிக்க முடியும்.