விதைப் பொட்டல மடிப்பு

அன்பு மகள் எலோடிக்கு அம்மா எழுதுவது,

எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கடல் தாண்டி டக்காரில், மாப்பிள்ளை பபக்காரின் நாட்டில், நீயும் அவரும் என் தங்கப் பேத்தி அவாவும் அதேபோல் இருக்க வேண்டும். மனசுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. ஐரோப்பா முழுக்க நடந்த தேர்தலின் முடிவை நீயும் பார்த்திருப்பாய். டிவியில் ஒருத்தர் ஜனநாயகம் செத்தது என்கிறார், இன்னொருத்தர் இப்போதுதான் பிறந்தது என்கிறார், எனக்குத் தலை சுற்றுகிறது.

அன்று கடைசி நேரத்தில் ஓட்டுப் போடப் போனவளை மேயர் பிடித்துக்கொண்டார். ஒடில், ஓட்டு எண்ண ஆள் பத்தல, கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல, உக்காருங்க என்றார். பக்கத்து வீட்டு ஜினெட் உறையைப் பிரித்துச் சீட்டை நீட்டுவாள், நான் விரித்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், எதிரே இரண்டு பேர் கோடு போடுவார்கள். வாசிக்க வாசிக்கப் பாதிக்கு மேல் அந்தக் கட்சிதான், வெளியிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்கிறதே, அது. செப்டம்பரில் அவாவைப் பள்ளியில் சேர்க்க நீங்கள் குடிவரப் போவது இந்த ஊருக்குத்தானே! யார் போட்டது, ரொட்டிக்கடைக்காரரா, இந்த ஜினெட்டேவா? அவளோ, உன் பேத்தி எப்ப வர்றா, நான் பின்னின சட்டை பத்தாமப் போயிடப் போகுது என்று கேட்டுக்கொண்டே அடுத்த உறையைப் பிரிக்கிறாள். கட்சிப் பெயர் அச்சடித்த அந்தப் பெரிய ஓட்டுச் சீட்டை எல்லோரும் நாலாக மடித்துத்தான் உறையில் திணித்திருந்தார்கள். அவள் இப்போது நீட்டிய சீட்டு மட்டும் நீளவாக்கில் மூன்று மடிப்பு, நுனி உள்ளே செருகியிருந்தது. முள்ளங்கி விதையை அப்பா பொட்டலம் கட்டுவாரே, அதே மடிப்பு, ஊரில் வேறு யாருக்கும் வராது. விரித்தேன். அதே கட்சி. என்னடி, வாசியேன் என்றாள் ஜினெட். வேறு பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது அவர் ஓட்டு, நான் யார் மாற்ற? வாசித்தேன் எலோடி, பிசகாமல் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா அவாவின் அறைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறார், மூக்கெல்லாம் மஞ்சள். அவங்கதான் ஜெயிச்சாங்க என்றேன். நல்லா வேணும், நம்ம ஊர் ரயிலை நிறுத்தினானுங்கல்ல, பாரிஸ்காரனுக்கு உறைக்கட்டும் என்றார். அப்போ பபக்கார் என்று ஆரம்பித்தேன். அவனுக்கென்ன, அவன் நம்ம பிள்ளை, வேற பேச்சுப் பேசாதே என்று என் மேலேயே எரிந்து விழுந்தார். அந்தச் சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, ரகசிய ஓட்டு இல்லையா. அவரோடு ஒரே மேசையில் சூப் குடிக்கிறேன், இந்த மனுஷன் எனக்குப் புரியவில்லை. கோபமா, அழுகையா, எது வருகிறது என்றே தெரியவில்லை. வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. வாருங்கள் என்று எழுதவும் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே யோசி.

மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். அவாவை வெயிலில் விடாதே. மாப்பிள்ளையின் உயரத்தை மறக்காமல் உடனே எழுது. அவன் நெட்டையனாச்சே, கால் வெளியே நீட்டிக்கிட்டுத் தூங்கக் கூடாது என்று, அப்பா புதுக் கட்டிலுக்கு வாங்கிய பலகையை அறுக்காமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஒடில்