நடந்துபோனவர்களையும் எண்ணக் கோரி

அனுப்புநர்:
பொறுப்பாளர்,
இலவச நடைப்பயிற்சி மையம்,
அரசுக் கட்டடம், தரைத்தளம்.

பெறுநர்:
சமூக நல அலுவலர் அவர்கள்.

பொருள்: மாதம் நூற்றைம்பது வருகைக்குக் குறைந்தால் அறையைத் திரும்பப் பெறும் ஆணையை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை மையத்தைத் திறந்ததும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணினேன். தங்கள் ஆணை வரும்வரை, முதல் வேலையாகப் பயிற்சிக் கம்பிகளைத் துடைப்பேன். என் புகாரின் சுருக்கம் இதுவே.

1. பக்கவாதத்தாலும் விபத்தாலும் நடை இழந்தவர்களுக்கு எங்கள் தொண்டு அமைப்பு பதினோரு ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறது. நடக்கத் தொடங்கியவர்கள் திரும்ப வருவதில்லை. இதை நாங்கள் குறையாகக் கருதியதில்லை. ஆணைக்குப் பிறகு கருதுகிறோம்.

2. அறை பறிபோனால் மாடியில் ஓர் அறை தரலாம் எனத் தங்கள் அலுவலகம் தெரிவித்தது. இருபத்திரண்டு படிகள். அவற்றை ஏற முடிந்தவர்களுக்கு நாங்கள் தேவையில்லை.

3. முறையிட வந்தபோது தங்கள் எழுத்தர் அன்போடு ஒரு வழி சொன்னார்: "வர்றவங்கள ஏன் மேடம் அவசரப்பட்டு அனுப்புறீங்க? இன்னும் நாலு நாள் வரட்டுமே. கால் என்ன ஓடியா போகுது?"

4. என் அண்ணன் சக்கர நாற்காலிகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது, "கடையில உக்கார்ற எனக்கே அது வேணாம், தொண்டு செய்யப்போற உனக்கு எதுக்கு?" என்றவர். ஆணையை அவரிடம் காட்டினேன். "உன் ஆளு நடந்தா என் நாற்காலி திரும்பி வந்துரும், எனக்கு நஷ்டம். இப்ப உனக்குமா? அப்ப நீயும் கடை போட்டுட்டே, தங்கச்சி" என்றார். எதற்குப் பலன் வைக்கிறோமோ, மனிதர் அதையே பெருக்குவர் என்பது அந்தப் படிப்பின் முதல் பாடம். அது கடைக்காரர்களுக்கானது என்றே நம்பியிருந்தேன். நல்லெண்ணம் உள்ளவர்களுக்கு விலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

5. சான்று, நானே. சென்ற மாதத் தொடக்கத்தில் பேக்கரி மாஸ்டர் ஒருவர் ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை போய்த் திரும்பினார். "வேலைக்குப் போலாமாக்கா?" என்றார். இன்னும் மூன்று வாரம் வரச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை, நம்பினார். ஒன்பது முறை வந்து கையெழுத்திட்டார். எங்கள் வருகை நூற்று ஐம்பத்து நான்கு ஆனது. அவருடைய அடுப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

ஆகவே, எங்களிடம் வந்தவர்களோடு எங்களிடமிருந்து நடந்துபோனவர்களையும் எண்ணி, அதன்பின் அறையைப் பற்றி முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் சென்ற மாதம் ஏழு பேர். பேக்கரி மாஸ்டரை நான் அன்றே வேலைக்கு விட்டிருந்தால் எட்டு.

தங்கள் முடிவு எதுவாயினும், இத்துடன் உள்ள மாத அறிக்கையில், அந்த ஒன்பதைக் கழித்து, நூற்று நாற்பத்தைந்து என்றே எழுதியிருக்கிறேன். மாலையில் பேக்கரி முதலாளியைப் பார்த்து, மூன்று வாரத் தாமதம் மாஸ்டரின் காலால் வந்ததல்ல, என்னால் வந்தது என்று சொல்லப் போகிறேன். மாஸ்டரையும் உடன் அழைத்துச் செல்வேன். அவரும் கேட்க வேண்டும்.

மையத்தில் இதை இன்னும் எவரிடமும் சொல்லவில்லை.

நாள்: அறிக்கை தர வேண்டிய கடைசி நாள்
இடம்: தரைத்தளம்

இப்படிக்கு,
(கையொப்பம்)
பொறுப்பாளர்