மூன்றாவது கியரில் ஒரு சத்தம்

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

வணக்கம். நான்கு மணி நேரப் பயணம். கார் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் நான் பட்டறைக்குள் போய் கார் நின்ற இடத்தைப் பெருக்கினேன். காலையில் பெருக்கிய இடம்தான்.

நேரில் சொல்ல மறந்தவற்றை இங்கே எழுதுகிறேன். காலையில் எஞ்சின் சூடாகும்வரை ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். டர்போ மூச்சு வாங்க ஒரு நிமிஷம் கொடுங்கள். பின்பக்க இடது கண்ணாடி பாதியில் நின்றுவிடும். கையால் லேசாகத் தூக்கிவிட்டால் ஏறிக்கொள்ளும்.

ஒன்பது வருஷக் கார். அதில் ஆறு வருஷம் என்னிடம். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியது, ஸ்பிரிங்கைத் தாழ்த்தியது, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை எடுத்துவிட்டுக் கெட்டியானவற்றை வைத்தது, எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் மேப்பைக் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதியது, எல்லாம் நானே. காதால் கேட்டுக் கேட்டு டியூன் செய்தது. பார்க்கத்தான் சின்னக் கார். ஏற்றத்தில் பெரிய கார்களை அழவைக்கும்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். கொஞ்ச நாளாக ஓட்டுவதில் பழைய ருசி இல்லை. அவ்வளவுதான்.

போன் பேசுவது எனக்கு ஒத்துவராது. பட்டறை இரைச்சலில் ஒன்றும் விளங்காது. சந்தேகம் இருந்தால் எழுதிப் போடுங்கள், உடனே பதில் எழுதுவேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

•

பிப்ரவரி 19

அன்புள்ள பட்டறை அண்ணனுக்கு,

வணக்கம். மாட்டு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதுகிறேன். தலையில் இருக்கும் பசுவைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டுகிறேன். அதில் ஏறினால் மருந்து வாடை, இறங்கினால் சாண வாடை. எனக்கே எனக்கென்று, ஒரு உபயோகமும் இல்லாமல், ஆசைக்காக மட்டும் நான் வாங்கிய முதல் பொருள் உங்கள் கார்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. போகிறேன், வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். போன வாரம் அவரையும் உட்காரவைத்துப் போனேன். கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவா போயேன்."

"நாப்பதுலதாங்க போறேன்."

"நாப்பதா? சத்தம் நூத்திப்பத்து மாதிரி இருக்கே!"

வீடு வந்ததும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பானட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்துவிட்டேன்.

குறை என்று சொல்ல ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்தில், மூன்றாவது கியரில், வேகம் குறைவாக இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஒரு சத்தம் வருகிறது. தகர டப்பாவில் பொடிக் கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு மூன்று நொடிதான். வெயில் ஏறினால் அதிகம். என்னவென்று எழுதுங்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அன்று அவர் போட்டுக் கொடுத்த டீ ருசியாக இருந்தது.

அன்புடன்,
டாக்டரம்மா

•

பிப்ரவரி 27

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்தியார் தட்டிக்கொடுத்ததைப் படித்து என் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் சொல்லும் சத்தம் டர்போவில் இருக்கும் சின்னக் கதவு ஆடுகிற சத்தம். அதிகக் காற்றை வெளியே விடுவதற்காக வைத்திருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. நான் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். தகரம், கல் என்று ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. புதிதாக ஒரு காரை வாங்கினால் முதல் இரண்டு மாதம் எல்லாச் சத்தமும் சந்தேகமாகத்தான் இருக்கும். பழகிவிடும்.

கண்ணாடி தொல்லை கொடுத்தால் ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் சிலிகான் தடவிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

•

மார்ச் 15

ஐயா,

எனக்கு எதுவும் பழகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கார் நடுங்குகிறது. இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள், வெளிச்சத்தில் மினுங்குகின்றன.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"அலுமினியம்மா. உள்ள பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு. பெட்ரோல் எரியவேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வெடிக்குது. நீங்க சொல்ற அந்தத் தகரச் சத்தம் அதுதான்."

அந்தச் சத்தம் வந்தால் கேட்டு எஞ்சினைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறதாமே? அவர் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். சென்சார் நன்றாக இருக்கிறது. மேப்பில்தான் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்றார். யாரோ இல்லை, நீங்கள்.

மூன்று நாள் கோபத்தில் இருந்தேன். பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. கார் பார்க்க வந்த அன்று உங்களைப் பக்கத்தில் வைத்து ஓட்டியபோதே, "இது என்னங்க சத்தம்?" என்று கேட்டேன். "ஆமா, சீட் ரெண்டும் கம்பெனி சீட்தான்" என்றீர்கள். நழுவுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நாம் வாசலில் நின்றபோது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் துள்ளி விலகினேன். நீங்கள் அப்படியே நின்றீர்கள். அண்ணிதான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

என்னிடம் வருகிற நோயாளிகள் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள். கன்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க நான் அதன் பின்னால் நின்று கை தட்டுவேன். இதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். தெரிந்து விற்றீர்களா, உங்களுக்குக் கேட்கவில்லையா? தெரிந்து விற்றீர்கள் என்றால் பதிலே வேண்டாம்.

டாக்டரம்மா

•

ஏப்ரல் 2

டாக்டரம்மாவுக்கு,

கேட்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

கெட்டியான மவுண்ட் போட்டால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் சென்சாருக்குப் போகும். ஒன்றும் இல்லாதபோதும் சத்தம் என்று அது சொல்லும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது அடிக்கடி சொல்ல ஆரம்பித்தது. நானும் இங்கே ஒரு ஏற்றத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்து அதன் வாயை அடைத்தேன். உண்மையைச் சொன்னது அது. செவிடு நான்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். துவைக்க எடுத்தபோது வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். உட்கார்ந்து முழுசாகப் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"இப்பவாவது ஒத்துக்கிறியா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா நான் கத்திக்கிட்டுதானே பேசுறேன்? தெருவுக்கே தெரியும். உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். பட்டறைக்கு வரும் போனை எல்லாம் அவளே எடுக்கிறாள். வருகிறவர்களிடம் அவளே முதலில் பேசி, என்ன கோளாறு என்று சீட்டில் எழுதி எனக்கு நீட்டுகிறாள். அவளுக்கு நிர்வாகம் பண்ணுவதில் ஆசை வந்துவிட்டது என்று நான் மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"காதை வச்சுத்தான் நீ இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்குற. அதைப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்?"

மறுநாள் கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தவேண்டும். தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன. முப்பது வருஷப் பட்டறை இரைச்சல் தின்றுவிட்டது என்றார் டாக்டர். குருவிகள் எப்போது என் காதை விட்டுப் போயின என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுவதில் ருசி இல்லை என்று எழுதினேனே, காரணம் இதுதான் போல. பாதிக் காரைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்ததை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

பட்டறைக்காரன்

•

ஏப்ரல் 9

அன்புள்ள பட்டறை அண்ணனுக்கு,

காரை அனுப்புகிறேன். திரும்பக் கொடுப்பதற்கு அல்ல, சரிசெய்வதற்கு. ஒரு பிஸ்டன் போனதற்காகக் காரை விடுவதா? கால் ஒடிந்த மாட்டையே நான் எளிதில் விடமாட்டேன். நானும் வாத்தியாரும் பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்கிறோம். என்றைக்கு வரலாம் என்று எழுதுங்கள்.

சென்சாரின் வாய்க்கட்டை அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் மவுண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள். கொஞ்சம் வேகம் குறைந்தால் பரவாயில்லை. நான் யாரையும் அழவைக்க வேண்டியதில்லை.

போன கடிதத்தில் உங்களை ஐயா என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். எழுதும்போதே கை கூசியது.

அன்புடன்,
தங்கை டாக்டரம்மா

•

மே 21

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

சரிசெய்த காரோடு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஒரு சத்தமும் இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் ஊரில் காரைச் சோதித்த அந்த மதியம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் அண்ணி, தலையில் பெரிய ஹெட்போன். எஞ்சினில் திருகிவைத்த மைக்கிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. பின்சீட்டில் மடியில் லேப்டாப்போடு நீங்கள், முழங்கால் தாடையில் இடிக்க. அதே மாதிரி ஒரு ஏற்றம், மூன்றாவது கியர், முழு மிதி.

"பொரியுது!" என்று அந்தத் தகரச் சத்தம் கேட்டதும் அண்ணி கையைத் தூக்குகிறார்.

"என்ன? என்னங்கிறா?" என்று நீங்கள் பின்னாலிருந்து கத்துகிறீர்கள்.

"பொ-ரி-யு-து!"

திரும்பவும் கீழே வந்து, மேப்பில் ஒரு எண்ணைக் குறைத்து, திரும்பவும் ஏறினோம். ஆறாவது தடவை அண்ணியின் கை மடியை விட்டு எழவே இல்லை. உச்சிக்கு வந்து நிறுத்தினேன். அண்ணி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பி உங்களைப் பார்த்தார். நீங்கள் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கார் முன்பைவிட நன்றாக இழுக்கிறது, அண்ணா. மரியாதைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வாத்தியார் சொன்னது: "அந்த அம்மா காதுக்கு நூத்துக்கு நூறு போடலாம்." அவர் வாழ்நாளில் யாருக்கும் நூறு போட்டதில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த காது மெஷின் வந்துவிட்டதா?

அன்புடன்,
தங்கை

•

ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். வாத்தியாருக்கு எங்கள் வணக்கம். அவர் போட்ட மார்க்கை வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் பிளாஸ்டிக் பையைப் பிரித்த சத்தம் வீடு பற்றி எரிவது போல இருந்தது, கழற்றி வைத்துவிட்டேன். இப்போது சாயங்காலங்களில் போட்டுக்கொள்கிறேன். பட்டறையில் மெஷின் கூடாதாம், மிச்சக் காதைக் காப்பாற்ற மூடிதான் போடவேண்டும் என்றார் டாக்டர். இரண்டு மூடி வாங்கினேன், எனக்கொன்று, அவளுக்கொன்று. எஞ்சினைக் காதால் டியூன் செய்ய இனி என்னால் ஆகாது. கூரான சத்தத்தை மெஷின் வேறு மாதிரி சொல்கிறது. அதை நம்பி ஒரு எஞ்சினைக் கெடுக்க எனக்கு மனசு வராது. இதை எழுதும்போது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவாக இல்லை.

நேற்று ஒருவர் உங்கள் கார் மாதிரியே ஒன்றை, பழையதாக வாங்கி, ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய காலை மட்டும்தான் பார்த்தேன், பளபளவென்று ஆபீஸ் ஷூ. வீட்டுக்காரி ஹெட்போனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாராம்.

அவர் கேட்டது என் காதில் விழவில்லை. அவளுடைய பதில் விழுந்தது. அது தெருவுக்கே விழுந்திருக்கும்.

"மெக்கானிக்கா? ரெண்டு பேர் இருக்கோம். வண்டில என்ன சத்தம் வருது, அதைச் சொல்லுங்க."

அன்புடன்,
அண்ணன்