நான் முழுகாத சேதி

2005 ஜூன் 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. எனக்குச் சளி, தும்மல். பால் ஊற்ற வந்த பேச்சியம்மா, "என்னக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலை காஞ்சு கெடக்கு?" என்றாள். "இன்னைக்கு முழுகலடி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வாங்க: வெற்றிலை, மஞ்சள், கவிதா ரவிக்கைக்கு லைனிங். பன்னிரண்டாம் தேதி அவளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீடு ஆண்டிபட்டி.

ஜூன் 4, சனி

நான் முழுகாமல் இருக்கிறேனாம். தெரு முழுக்கப் பேச்சு. நாற்பத்தாறு வயதில், மகளுக்குப் பரிசம் போடும் நேரத்தில், பிள்ளை உண்டாகியிருக்கிறேனாம். காய்க்கடையில் ஒரே சிரிப்பு. பேச்சியம்மா கையில் கிடைத்தால் பால் தூக்கை அவள் தலையிலேயே கவிழ்ப்பேன்.

திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்த இவரிடம் சொன்னேன். "நெசமாவா?" என்றார். மீசைக்குள் சிரிப்பு வேறு. ஆளைப் பார்.

இரண்டு மாதமாக வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை தேனிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 6, திங்கள்

கவிதாவோடு தேனி. பஸ்ஸில் நின்றே பயணம். லேடி டாக்டர் சிறுநீர் டெஸ்ட் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்பாடா. துளி வருத்தமும் இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வரும். அதன் பிறகுதான் கர்ப்பப்பையின் உட்சுவரைப் பதமாகத் தாங்கிப் பிடிக்கும் சுரப்பு கிளம்பும். கரு தங்காவிட்டால் சுரப்பு குறையும், உட்சுவர் உதிரும். நமக்கு வருவது அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் வருகிறது, எதற்கு என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

"கெட்ட ரத்தம்னு சொல்லுவாகளே?"

"அதெல்லாம் இல்லம்மா. புள்ளைக்குனு போட்ட மெத்தை. புள்ளை வரலேன்னா சுருட்டி வெளிய போடுது."

இந்த வயதில் சில மாதம் முட்டையே வராதாம். அப்போது மெத்தை பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், எப்போது உதிரும் என்று கணக்கு இல்லை. தள்ளியும் வரும், கொட்டியும் வரும். ரொம்பக் கொட்டினால் உடனே வரச் சொன்னார்.

"பரிசத்தன்னைக்கு வந்துருமா டாக்டர்?"

"எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது."

என் கணக்கைக் கேட்டுத்தான் தேதியே குறித்தோம். அந்தக் கணக்கு இனி செல்லாது. தூரமானால் நான் பின்கட்டில் உட்கார வேண்டும், தட்டை நாத்தனார் மாற்றுவார். எனக்கு ஒரே மகள். அந்தத் தட்டை நான்தான் மாற்றுவேன், வேறு ஒருத்தி கைபடக் கூடாது. பஸ்ஸில் ஊர் வரும்வரை இதே நினைப்பு.

ஜூன் 8, புதன்

நாத்தனார் வந்தார், கூடை நிறைய மாங்காயோடு. "டெஸ்ட்டு பாத்தாச்சு மதினி, ஒண்ணுமில்ல" என்றேன்.

"லேடி டாக்டர்ட்ட போய்ட்டு வந்தவ ஒண்ணுமில்லங்கா. ஆண்டிபட்டி வரைக்கும் தெரிஞ்சு போச்சுத்தா. சம்பந்தியம்மா சந்தோசமாத்தான் விசாரிச்சாக."

தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

லைனிங் கலர் கவிதாவுக்குப் பிடிக்கவில்லை. மாற்றணும். மாங்காய் நல்ல புளிப்பு.

ஜூன் 12, ஞாயிறு

பளிச்சென்று வெயில். எழுந்ததும் வந்துவிட்டது. எத்தனை நாள் இருக்க, இன்றைக்கா. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். கவிதா கதவைத் தட்டினாள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. ஒன்னைய யாரும்மா கேக்கப் போறா? ஊருக்கு நீ முழுகாமல்ல இருக்க."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

நாத்தனார் எங்கள் வீட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, தூரமான நாள் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. எனக்கு நாற்காலி போட்டு, விசிறியும் கொடுத்தார்.

தட்டு மாற்றினேன். "பாத்து மதினி, கனமா இருக்கு" என்று சம்பந்தியம்மா தட்டுக்கு அடியில் ஒரு கை கொடுத்தார். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கவிதா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த ஒரு பார்வை போதும்.

எல்லோரும் போன பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏத்தா, தூரமா?" என்றார்.

"இல்ல. என் மக பக்கத்துலதான் நின்னேன்" என்றேன்.