அம்மாவை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

கிள்ளான்
5-3-1934

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பதினொன்று அடித்துவிட்டது. கலா இப்போதுதான் தூங்கினாள். எட்டு மாதக் குழந்தைக்கு நாலு ஆள் குரல். தாய்மாமன் பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறைகூட ரயிலேறி வருவதில்லை என்று அவள் சார்பில் குறைப்படுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பத்து வருஷத்தில் நாடு முழுவதும் யார் யார் எந்த நோயில் இறந்தார்கள் என்று ஆபீஸில் அட்டவணை போடுகிறீர்கள்; அதில் புற்றுநோய்க் கட்டத்தில் தமிழ்ப் பெண்கள் மிகக் குறைவு, 'கொடுத்துவைத்தவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா, அம்மாவை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

நான் கடல் கடந்து மதராஸில் காலேஜில் இருந்தபோது, அம்மாவின் கடைசி ஐந்து கடிதங்களும் உங்கள் கையெழுத்தில் வந்தன. வலது கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை என்றார். பிறகு, காய்ச்சலில் போய்விட்டார் என்று தந்தி. காய்ச்சலில் ஒரு கை மட்டும் வீங்குமா?

கேட்கக் காரணம் இருக்கிறது. எனக்கு இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி. வலியில்லை. மருத்துவச்சி பவுனம்மாள், "பால் கட்டிக்கிட்டிருக்கு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறியே" என்கிறாள். இரண்டு மாதமாகப் பற்றுப் போடுகிறேன். கரையவில்லை.

உங்கள் தங்கை,
சீதாலெட்சுமி

பிரிக்பீல்ட்ஸ்
7-3-1934

அருமைத் தங்கை சீதாவுக்கு,

அம்மாவுக்குப் புற்றுநோய்தான். வலது மார்பில். "சின்னவளுக்கு வரன் பாக்குற நேரம், வெளியில மூச்சு விடாதடா தம்பு" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இறந்த மறுநாள் பதியப் போனேன். "என்ன வியாதி?" என்றார் பதிவெழுதும் கிராணி. "காய்ச்சல்" என்றேன். "எல்லாருக்கும் அதுதானப்பா" என்று எழுதிக்கொண்டார்.

அந்த வருஷத் தாளைப் போன மாதம் நானேதான் கூட்டினேன். காய்ச்சல் கட்டத்தில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். என்னைப்போல் எத்தனை அண்ணன்மார் சொல்லிவிட்டு வந்தார்களோ. அது தெரிந்தும் உனக்கு அப்படி எழுதினேன்.

பற்றைக் கழுவிவிடு. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளையிடம் மறைக்காதே.

உன் அண்ணன்,
தம்புசாமி

கிள்ளான்
11-3-1934

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபமே இல்லை என்றால் பொய். உங்கள் கடிதம் கிடைத்த அன்று முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு, அம்மாவின் அந்தக் கைக்கு எண்ணெய் தடவியது நீங்கள், சோறு ஊட்டியது நீங்கள், யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் நீங்கள் என்று நினைத்தேன். அப்புறம் கோபம் தங்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை நானும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று லேடி டாக்டர் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டு, "அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க" என்றார். நான், "என் அம்மாவுக்கு" என்றேன். இன்று காலை மாமியார் கலாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பசும்பால் பழக்கிடுறேன். நீ போயிட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை கட்டியை எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியுமாம். அம்மாவுக்கு எப்போது கட்டி தெரிந்தது, எத்தனை மாதம் மறைத்தார், கை எப்போது வீங்கியது என்றெல்லாம் டாக்டர் கேட்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். கூச்சப்படாமல், எதையும் விடாமல் எழுதுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள்.

புதன்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
சீதாலெட்சுமி